பழைய டியூப் டிவியில் கம்ப்யூட்டர் படம் வரவில்லை. எல்லாம் மாட்டியாகிவிட்டது, திரைதான் வெறுமை

வெறுந்திரை

வணக்கம். என் மானிட்டர் செத்துவிட்டது. பட்டனை அமுக்கினால் அதன் சின்ன விளக்குகூட எரிவதில்லை. புதிது வரும்வரை சமாளிக்கலாம் என்று பரணில் கிடந்த பிக்சர் டியூப் டிவியை இறக்கி வைத்திருக்கிறேன். டிவியில் குறை ஒன்றும் இல்லை. டிவிடி பிளேயரை மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஓட்டைகளில் மாட்டிப் பார்த்தேன், படமும் சத்தமும் நன்றாக வருகின்றன.

கம்ப்யூட்டரின் பின்பக்கம் படம் வெளியே போவதற்கு விஜிஏ, டிவிஐ, எச்டிஎம்ஐ என்று மூன்று போர்ட்டும் இருக்கின்றன. மானிட்டர் எப்போதும் டிவிஐயில்தான் இருக்கும். தனி கிராஃபிக்ஸ் கார்டு கிடையாது. ஒரு முனையில் விஜிஏ, மறு முனையில் மஞ்சள், சிவப்பு, வெள்ளை பின்கள் இருக்கிற கேபிள் ஒன்று வாங்கி மாட்டினேன். டிவியை ஏவிக்கு, அதாவது அந்த மூன்று ஓட்டைகளில் வருவதைக் காட்டும் சேனலுக்கு, மாற்றினால் நீலத் திரைதான். கம்ப்யூட்டர் ஓடுகிறது என்பது நிச்சயம். விண்டோஸ் தொடங்கும் ஓசை ஸ்பீக்கரில் கேட்கிறது, பாஸ்வேர்டைக் கண்ணை மூடிக்கொண்டு அடித்தால் உள்ளேயும் போகிறது. என்ன செய்யலாம்?

கம்பிவடம்

அந்தக் கேபிளைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் கொடுத்துவிடுங்கள். அதில் படம் வராது, எந்தக் காலத்திலும் வராது.

விஜிஏவில் சத்தம் போவதே இல்லை. அப்படியிருக்க, அந்தச் சிவப்பு பின்னிலும் வெள்ளை பின்னிலும் என்னதான் வரும்? இந்தக் கேபிளை விற்கிறவர்களிடம் இதைக் கேட்டால் பதில் கிடைக்காது. இரண்டு முனையும் ஓட்டையில் பொருந்துகிறது, அதனால் விற்கிறது.

பழைய ரேடியோ

கம்பிவடம் சொல்வது சரி. ஏன் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் இன்னொரு கேபிள் வாங்கத் தோன்றும்.

டியூப் டிவி படத்தைக் கோடு கோடாக இழுக்கிறது. டிவி சிக்னலில் ‘பால்’, ‘என்டிஎஸ்சி’ என்று இரண்டு முறை உண்டு. ‘பால்’ முறையில் ஒரு படத்துக்கு 625 கோடு, வினாடிக்கு 25 படம். ஆக வினாடிக்கு 15,625 கோடு. ‘என்டிஎஸ்சி’ முறையில் 525 கோடு, வினாடிக்கு ஏறத்தாழ 30 படம், பெருக்கினால் 15,734 வரும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே வேகம். விஜிஏவிலோ 640×480 புள்ளி, 60 ஹெர்ட்ஸ் (வினாடிக்கு 60 படம்) என்கிற அடிப்படை மோடுக்கே வினாடிக்கு 31,469 கோடு, அதாவது இரண்டு மடங்கு. டிவிக்குள் கோடு இழுக்கும் சர்க்யூட் அந்த வேகத்துக்குக் கட்டப்பட்டதே அல்ல. அதற்கு மேல் ரெசல்யூஷன், அதாவது புள்ளிகளின் எண்ணிக்கை, ஏற ஏற இடைவெளி இன்னும் கூடும்.

இன்னொன்று. விஜிஏவில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் வரும். கோடு எங்கே தொடங்குகிறது, படம் எங்கே தொடங்குகிறது என்று சொல்லும் சிங்க் சிக்னல்கள் வேறு இரண்டு கம்பியில். மஞ்சள் பின்னில் இவை எல்லாம் ஒரே கம்பியில் கலந்து போக வேண்டும், நிறத்தைத் தனி அலையில் ஏற்றி. அந்தக் கலவையைச் செய்ய நடுவில் ஒரு சிப் வேண்டும். உங்கள் கேபிளில் செம்புக் கம்பி மட்டும்தான் இருக்கும்.

எட்டுபிட்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். அப்படியானால் கொமடோர் 64, இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் மாதிரி பழைய வீட்டுக் கம்ப்யூட்டர்கள் எல்லாம் எப்படி டிவியில் ஓடின? இரண்டுமே 1982இல் வந்தவை, ஆண்டெனா ஓட்டையில் செருகினாலே போதும். 1981இல் வந்த ஐபிஎம் சிஜிஏ என்ற கிராஃபிக்ஸ் கார்டில்கூட டிவிக்குப் போகும் வட்ட ஜாக் ஒன்று உண்டு. அன்றைக்கு முடிந்தது இன்றைக்கு முடியாது என்றால் நம்பக் கஷ்டமாக இருக்கிறது.

பழைய ரேடியோ

நல்ல கேள்வி தம்பி. அவற்றை டிவியின் வேகத்துக்கு ஏற்றபடியே வடிவமைத்தார்கள். ஸ்பெக்ட்ரத்தின் படம் 256×192 புள்ளி, கொமடோர் 64இன் படம் 320×200. டிவி வினாடிக்கு எத்தனை கோடு இழுக்குமோ அதே கணக்கில் கம்ப்யூட்டரும் கோடுகளை வெளியே தள்ளியது. ஸ்பெக்ட்ரத்தில் வரிக்கு 32 எழுத்து, கொமடோர் 64இல் நாற்பது, அவ்வளவுதான் டிவியிடம் கேட்டார்கள். 1987இல் விஜிஏ வந்தபோது கோட்டு வேகம் இரண்டு மடங்கானது. டிவியும் கம்ப்யூட்டரும் பிரிந்தது அங்கேதான்.

பிறகு டிவி அவுட் என்று தனி சிப் வைத்து, எஸ்-வீடியோ ஜாக்கோடு கிராஃபிக்ஸ் கார்டுகள் நிறைய வந்தன. சில கார்டுகள் விஜிஏ ஓட்டை வழியாகவே டிவி சிக்னலையும் அனுப்பும். அவற்றுக்கு இந்த மாதிரிக் கேபிள் ஒத்துவரும். அந்தக் கார்டுகள் போய்விட்டன, கேபிள் மட்டும் சந்தையில் தங்கிவிட்டது.

கம்பிவடம்

சரி, இனி ஆக வேண்டியதைப் பார்ப்போம். உங்களுக்கு வேண்டியது எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் கன்வர்ட்டர். கைக்குள் அடங்கும் சின்னப் பெட்டி. வாங்கும்போது மூன்று விஷயம் பாருங்கள்.

முதலாவது, திசை. ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் பெட்டியும் இதே அளவில், இதே நிறத்தில் இருக்கும். மேலே அச்சடித்திருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்கள். எச்டிஎம்ஐ பக்கத்தில் ‘இன்புட்’ என்று இருக்க வேண்டும். மாற்றி வாங்கினால் ஓடாது, திருப்பி மாட்டினாலும் ஓடாது.

அப்புறம் கரண்ட். எச்டிஎம்ஐ கேபிளிலேயே 5 வோல்ட் வரும் என்பது உண்மைதான், ஆனால் கம்ப்யூட்டர் 55 மில்லியாம்பியர் கொடுத்தாலே விதிப்படி போதும். இந்தப் பெட்டிக்குள் இருக்கும் சிப்புக்கு அது பற்றாது. கூட வரும் யுஎஸ்பி வயரை போன் சார்ஜரில் செருகிவிடுங்கள். விளக்கு எரிகிறதே என்று நம்ப வேண்டாம், அரைகுறைக் கரண்டிலும் விளக்கு எரியும்.

மூன்றாவது, பக்கவாட்டில் பால், என்டிஎஸ்சி என்று ஒரு சின்ன ஸ்விட்ச். அது உங்கள் டிவியோடு பொருந்த வேண்டும். ஸ்விட்ச் இல்லாத பெட்டியும் உண்டு, அதை வாங்காதீர்கள்.

டிவியின் முதுகில் ஏவி இன், ஏவி அவுட் என்று இரண்டு வரிசை இருக்கலாம். இன்னில் செருகுங்கள்.

பழைய ரேடியோ

மாட்டும்போது கம்ப்யூட்டர், டிவி இரண்டின் பிளக்கையும் சுவரிலிருந்து எடுத்துவிடுங்கள். எர்த் இல்லாத பழைய டிவியின் வெளி உலோகத்தில் கொஞ்சம் மின்சாரம் கசிந்து நிற்கும். தொட்டால் விரலில் சுள்ளென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் அதே கசிவு, செருகும் அந்த ஒரு நொடியில் எச்டிஎம்ஐ போர்ட் வழியாகப் பாய்ந்தால் போர்ட்டே போய்விடும். ஆண்டெனா வயர் மாட்டியிருந்தால் அதையும் கழற்றிவிடுங்கள்.

வெறுந்திரை

எல்லோருக்கும் நன்றி. கன்வர்ட்டர் வந்துவிட்டது. திசை சரியானதுதான், பெட்டியின் மேலேயே எழுதியிருக்கிறது. கரண்ட் போன் சார்ஜரிலிருந்து. டிவியில் ஏவி இன். பிளக்கை எல்லாம் எடுத்துவிட்டுத்தான் மாட்டினேன்.

ஆனாலும் படம் இல்லை. கம்ப்யூட்டரைப் போட்டதும் வரும் கம்பெனி லோகோகூடத் தெரியவில்லை. விண்டோஸ் ஓசை வருகிறது, பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போகிறேன். திரை மட்டும் கறுப்பாகவே நிற்கிறது.

அவசரக்காரன்

பழைய டிவிகளில் ‘ஸ்கிரீன்’ என்று ஒரு திருகு உள்ளே இருக்கும். பின் மூடியைக் கழற்றி அதைக் கொஞ்சம் திருப்புங்கள், கறுப்பு போய் வெளிச்சம் வரும். நான் பார்த்திருக்கிறேன்.

பழைய ரேடியோ

தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பிக்சர் டியூபின் மேல் ரப்பர் தொப்பி போட்டு ஒரு தடித்த வயர் போகும். கலர் டிவியில் அதில் 20,000 முதல் 30,000 வோல்ட் வரை இருக்கும். பிளக்கை எடுத்த பிறகும் டியூப் அந்த மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வேலை தெரிந்தவர்கள் அதை முதலில் இறக்கிவிட்டுத்தான் கை வைப்பார்கள். தவிரவும், டிவிடி பிளேயரில் படம் நன்றாக வரும் டிவிக்குள் திருக என்ன இருக்கிறது?

வெறுந்திரை, ஒன்றைக் கவனித்தீர்களா? முதலில் நீலத் திரை என்று எழுதினீர்கள். இப்போது கறுப்பு என்கிறீர்கள். கன்வர்ட்டரின் கரண்டை எடுத்தால் திரை என்ன ஆகிறது?

வெறுந்திரை

பார்த்தேன் ஐயா. கரண்டை எடுத்தால் நீலம், மூலையில் ஏவி என்ற எழுத்தும் நிற்கிறது. கரண்ட் கொடுத்தால் ஒரு கணம் உதறிவிட்டுக் கறுப்பாகிறது, எழுத்து மறைந்துவிடுகிறது.

பழைய ரேடியோ

அப்படியானால் பாதிக் கவலை தீர்ந்தது. உங்கள் டிவி சிக்னல் இல்லாதபோதுதான் நீலம் காட்டுகிறது. கறுப்பாக மாறுகிறது என்றால் கன்வர்ட்டர் ஒழுங்கான சிங்க் அனுப்புகிறது, டிவியும் அதைப் பிடித்துக்கொண்டது. மஞ்சள் வயர், ஏவி தேர்வு, டிவி மூன்றும் சரி. கன்வர்ட்டருக்கு முந்தைய பக்கம்தான் பார்க்க வேண்டும். கம்ப்யூட்டர் ஆட்கள் யாராவது வாருங்கள்.

நள்ளிரவு நிரலர்

வந்தேன். வெறுந்திரை, செத்துப்போன மானிட்டரின் டிவிஐ கேபிள் இப்போதும் கம்ப்யூட்டரில் செருகித்தான் இருக்கிறதா?

அதைக் கழற்றுவதற்கு முன் ஒரு சோதனை. பாஸ்வேர்ட் அடித்து உள்ளே போன பிறகு, மவுஸை வலது பக்கமாகத் தள்ளிக்கொண்டே போங்கள். மேசை முடிந்தால் தூக்கி வைத்து மறுபடி தள்ளுங்கள். டிவியையே பார்த்துக்கொண்டிருங்கள். ஒன்றும் வராவிட்டால் இடது பக்கமும் தள்ளிப் பாருங்கள்.

வெறுந்திரை

அம்பு வந்துவிட்டது! கறுப்புத் திரையின் இடது ஓரத்திலிருந்து ஒரு வெள்ளை அம்பு உள்ளே நுழைந்தது. ஓரமெல்லாம் பூச்சி மாதிரி மினுமினுக்கிறது, ஆனால் மவுஸ் அம்பேதான். அது மட்டும்தான் இருக்கிறது. ஐகான் இல்லை, ஒன்றும் இல்லை. ஆமாம், மானிட்டர் கேபிள் செருகியேதான் இருக்கிறது. அதுதான் ஓடவில்லையே, அது என்ன செய்யும்?

நள்ளிரவு நிரலர்

நிறைய செய்யும். ஒவ்வொரு மானிட்டருக்குள்ளும் ஒரு சின்ன நினைவகச் சிப் உண்டு. ‘நான் இன்ன மாடல், இன்ன ரெசல்யூஷன்கள் எனக்கு ஒத்துவரும்’ என்ற விவரம் அதில் இருக்கும். ஈடிஐடி என்பார்கள். கம்ப்யூட்டர் முதலில் படிப்பது அதைத்தான். இந்தச் சிப்புக்கு மானிட்டரின் சொந்தக் கரண்ட் தேவையில்லை. கேபிள் வழியாகக் கம்ப்யூட்டர் கொடுக்கும் 5 வோல்ட்டிலேயே அது பேசும். மானிட்டர் அணைந்திருந்தாலும் கம்ப்யூட்டர் அதை அடையாளம் காண வேண்டும் என்பதற்காகவே இப்படி வைத்திருக்கிறார்கள். வீட்டில் ஆள் இல்லாவிட்டாலும் வாசலில் பெயர்ப்பலகை தொங்குகிற மாதிரி.

ஆகவே உங்கள் மானிட்டரின் பவர் பகுதி செத்திருந்தாலும், கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது உயிரோடு இருக்கிறது, அதுதான் முதல் திரை. தொடக்க லோகோ, டெஸ்க்டாப், ஐகான்கள் எல்லாம் அங்கேதான் போகின்றன. டிவியை இரண்டாவது திரையாகப் பக்கத்தில் ஒட்டவைத்திருக்கிறது விண்டோஸ். அதனால்தான் மவுஸ் ஒரு திரையின் அகலத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் கடந்து வந்து டிவிக்குள் நுழைகிறது.

எனக்குப் புரியாதது ஒன்றுதான். இரண்டாவது திரையில் வால்பேப்பராவது தெரிந்திருக்க வேண்டுமே?

வெறுந்திரை

என் வால்பேப்பர் வெறும் கறுப்பு நிறம். டாஸ்க்பாரும் தானாக மறைந்துகொள்ளும்படி வைத்திருக்கிறேன். சும்மாவா இந்தப் பெயர் வைத்துக்கொண்டேன்!

கம்பிவடம்

இவ்வளவு நேரம் டிவி ஒழுங்காகத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. காட்டியது கறுப்பு வால்பேப்பர். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை.

கம்ப்யூட்டரை அணைத்து, டிவிஐ கேபிளைக் கழற்றிவிட்டு, மறுபடி போடுங்கள். விஜிஏவிலும் எதுவும் இருக்கக் கூடாது. எச்டிஎம்ஐ மட்டும். டிவியும் கன்வர்ட்டரும் முதலில் ஓடட்டும், அப்புறம் கம்ப்யூட்டர்.

வெறுந்திரை

லோகோ வந்தது, விண்டோஸ் வட்டம் சுற்றியது, பாஸ்வேர்ட் கேட்கும் இடம் தெரிகிறது, ஐகான்களும் வந்துவிட்டன. மிக்க நன்றி!

இரண்டு குறை பாக்கி. எல்லாமே கறுப்பு வெள்ளையாக இருக்கிறது. எழுத்து ஒன்றையும் படிக்க முடியவில்லை, எறும்புக் கூட்டம்தான்.

பழைய ரேடியோ

கறுப்பு வெள்ளை என்றால் கன்வர்ட்டரின் ஸ்விட்சை மறு பக்கம் தள்ளுங்கள், கரண்டை ஒருமுறை எடுத்துவிட்டுக் கொடுங்கள். பால் முறையும் என்டிஎஸ்சி முறையும் நிறத்தை வெவ்வேறு விதமாக ஏற்றுகின்றன. கோட்டு வேகம் அருகருகே இருப்பதால் டிவி படத்தைப் பிடித்துக்கொள்ளும், நிறத்தைப் பிரிக்கத் தெரியாமல் விட்டுவிடும். இன்னும் பழைய டிவியாக இருந்தால் படமே மேலும் கீழும் உருண்டிருக்கும்.

கூடவே டிவி மெனுவில் கலர் சிஸ்டம் என்று இருந்தால் அதை ஆட்டோவில் வையுங்கள்.

தேன்சிட்டு

இதே இழையில் என் கேள்வியையும் போடலாமா? எங்களுடையது டியூப் டிவி இல்லை, ஆரம்ப கால எல்சிடி டிவி. பின்னால் விஜிஏ ஓட்டை இருக்கிறது. அதில் கம்ப்யூட்டரை மாட்டினால் தொடக்க லோகோ அழகாக வருகிறது. விண்டோஸ் வர வேண்டிய நேரத்தில் ‘மோட் நாட் சப்போர்ட்டட்’ என்று ஒரு பெட்டி டிவியில் மிதக்கிறது, அவ்வளவுதான். கேபிள் போய்விட்டதா?

நள்ளிரவு நிரலர்

தாராளமாகக் கேளுங்கள். கேபிள் போயிருந்தால் லோகோவும் வந்திருக்காது. லோகோவைத் தாழ்ந்த ரெசல்யூஷனில் காட்டுகிறது கம்ப்யூட்டர், டிவி ஏற்றுக்கொள்கிறது. பிறகு விண்டோஸ் வந்து, பழைய மானிட்டருக்கு வைத்திருந்த ரெசல்யூஷனையோ 75 ஹெர்ட்ஸையோ அனுப்புகிறது, டிவி மறுக்கிறது. லோகோவே வராவிட்டால் வயர், போர்ட், கன்வர்ட்டர் பக்கம் தேட வேண்டும். லோகோ வந்து விண்டோஸில் மறைந்தால் செட்டிங்ஸில்தான் கோளாறு. இந்த மாதிரிப் பிரச்சினையில் நான் எப்போதும் முதலில் கேட்பது இதைத்தான்.

வேறு மானிட்டர் ஏதாவது இருந்தால் அதில் மாட்டி, ரெசல்யூஷனை 1024×768 ஆகவும், அட்வான்ஸ்டு டிஸ்ப்ளேயில் ரெஃப்ரெஷ் ரேட்டை 60 ஹெர்ட்ஸ் ஆகவும் வைத்துவிட்டு டிவிக்கு மாற்றுங்கள். அந்தக் கால எல்சிடி டிவிகளில் விஜிஏ வழியாக இது அநேகமாக எல்லாவற்றிலும் ஓடும். படம் வந்த பிறகு 1360×768 கிடைக்கிறதா பாருங்கள். அந்த டிவிகளில் பேனல் பெரும்பாலும் 1366×768, அதனால் எழுத்து கூர்மையாக வரும்.

தேன்சிட்டு

வேறு மானிட்டர் இல்லை அண்ணா. வேறு வழி உண்டா?

நள்ளிரவு நிரலர்

உண்டு, கொஞ்சம் சுற்றுவழி. விண்டோஸ் 10, 11 என்றால், தொடங்கும் வட்டம் சுற்றும்போது பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள். இதைச் சில தடவை செய்தால் விண்டோஸ் தானே பழுது பார்க்கும் திரைக்குப் போகும். அந்தத் திரை லோகோ வரும் அதே ரெசல்யூஷனில் வர வாய்ப்பு அதிகம், ஆகவே உங்கள் டிவியில் தெரியும். அதில் டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ், ரீஸ்டார்ட். அப்புறம் வரும் பட்டியலில் 3ஐ அழுத்துங்கள். அது தாழ்ந்த ரெசல்யூஷனில் விண்டோஸைத் தொடங்கும். உள்ளே போய் 60 ஹெர்ட்ஸும் சின்ன ரெசல்யூஷனும் வைத்துவிட்டு, சாதாரணமாக ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

ரெசல்யூஷனை மாற்றியதும் ‘இப்படியே வைக்கவா?’ என்று கேட்கும். டிவி இருண்டுவிட்டால் எதையும் தொடாமல் 15 வினாடி பொறுங்கள், தானாகப் பழைய நிலைக்கு வந்துவிடும். பதறிப்போய் எதையாவது தட்டினால் இருட்டையே உறுதி செய்ததாகிவிடலாம்.

கம்பிவடம்

தேன்சிட்டுக்கு ஒரு சேர்க்கை. விலை மலிந்த விஜிஏ கேபிள்களில் 15 பின்னும் இருக்காது. 12ஆம் பின்னும் 15ஆம் பின்னும்தான் முன்னால் சொன்ன ஈடிஐடி விவரம் போகும் வழி. அவை இல்லையென்றால் டிவி என்னவென்றே விண்டோஸுக்குத் தெரியாது, ஏதோ ஒரு ரெசல்யூஷனை உத்தேசமாக அனுப்பும். கேபிளைக் கழற்றி முனையைப் பாருங்கள். 9ஆம் இடம் காலியாக இருப்பது பல கேபிள்களில் சகஜம், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

வெறுந்திரை

ஸ்விட்சை மாற்றியதும் கலர் வந்துவிட்டது. எழுத்து அப்படியேதான் இருக்கிறது. விண்டோஸ் 1920×1080 என்று காட்டுகிறது. இந்தச் சின்ன டிவிக்கு அவ்வளவு உண்டா?

பழைய ரேடியோ

இல்லை. 1920×1080 என்பது கன்வர்ட்டர் விண்டோஸிடம் சொல்லும் கதை. டிவியின் விவரத்தைக் கேட்க மஞ்சள் வயரில் வழி கிடையாது, அதனால் கன்வர்ட்டர் தானே ஒரு ஈடிஐடி வைத்துக்கொண்டு பதில் சொல்கிறது. வருகிற 1080 கோட்டையும் அது பால் முறையில் 576 கோட்டுக்குள், என்டிஎஸ்சியில் 480 கோட்டுக்குள் நசுக்கித் தருகிறது. அந்தக் கோடுகளும் ஒற்றைப்படை ஒரு தடவை, இரட்டைப்படை ஒரு தடவை என்று மாறி மாறி வரும். மெல்லிய கிடைக்கோடு துடிப்பது அதனால்தான். சினிமாவில் இது தெரியாது, எழுத்தில் உடனே தெரியும்.

நள்ளிரவு நிரலர்

ரெசல்யூஷனை 800×600 ஆக்குங்கள், இல்லையென்றால் 1024×768. கன்வர்ட்டர் ஏற்றுக்கொண்டால் இரண்டு லாபம். நசுக்கல் குறையும். இரண்டுமே 4:3 வடிவம், டிவியும் 4:3, ஆகவே வட்டம் முட்டையாகாது. 1080இல் வைத்தால் அகலப் படத்தை இந்தப் பெட்டி இரு பக்கமும் அழுத்தித் திணிக்கும், முகங்கள் நீண்டு தெரியும். கன்வர்ட்டர் அதை மறுத்தால் 1280×720இல் வைத்து, எழுத்தையும் ஐகானையும் பெரிதாக்கும் ஸ்கேலிங்கை விண்டோஸ் விடும் அளவுக்குக் கூட்டிவிடுங்கள்.

பிரவுசரில் கன்ட்ரோலை அழுத்திக்கொண்டு பிளஸ் தட்டினால் எழுத்தோடு பக்கம் முழுவதும் பெரிதாகும். வெள்ளைப் பின்னணி உறுத்தினால் சாம்பல் பின்னணிக்கு மாறுங்கள், துடிப்பு குறையும்.

எட்டுபிட்

டிவியில் எஸ்-வீடியோ ஓட்டை இருக்கிறதா பாருங்கள், வட்டமாக நாலு சின்னத் துளை. வெளிச்சமும் நிறமும் அதில் தனித்தனிக் கம்பியில் போவதால் எழுத்தின் ஓரத்தில் ஓடும் வானவில் பூச்சி காணாமல் போகும். எஸ்-வீடியோ தரும் கன்வர்ட்டரும் கிடைக்கிறது. மஞ்சள் பின்னுக்கும் அதற்கும் வித்தியாசம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

வெறுந்திரை

எஸ்-வீடியோ இல்லை. 800×600ஐக் கன்வர்ட்டர் ஏற்றுக்கொண்டது. தள்ளி உட்கார்ந்தால் இப்போது படிக்க முடிகிறது. கடைசியாக ஒன்று: டாஸ்க்பாரை நிலையாக நிற்கும்படி மாற்றிவிட்டேன், ஆனால் அது டிவியின் கீழ் விளிம்புக்கு அடியில் பாதி ஒளிந்துகொள்கிறது. ஸ்டார்ட் பட்டனின் மேல் பாதிதான் தெரிகிறது.

பழைய ரேடியோ

டியூப் டிவிகள் எல்லாமே படத்தைச் சட்டத்துக்கு வெளியே கொஞ்சம் வழியவிட்டுத்தான் காட்டும். மின்சாரம் ஏறி இறங்கினாலும், டியூப் பழையதானாலும் ஓரத்தில் கறுப்பு வளையம் தெரியக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படி வைத்தார்கள். ஒளிபரப்பில் அந்த ஓரத்தில் முக்கியமான எதையும் வைக்க மாட்டார்கள். விண்டோஸோ கடிகாரத்தைக் கொண்டுபோய் மூலையில் வைத்திருக்கிறது.

நள்ளிரவு நிரலர்

கிராஃபிக்ஸ் டிரைவரின் சொந்த செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்து, ஸ்கேலிங் அல்லது ஓவர்ஸ்கேன் என்று இருக்கிறதா பாருங்கள். படத்தை எல்லாப் பக்கமும் கொஞ்சம் சுருக்க ஒரு நகர்த்தி இருக்கும். எல்லா டிரைவரிலும் எல்லா ரெசல்யூஷனுக்கும் அது வராது. வராவிட்டால் இப்படியே ஓட்டுங்கள், ஸ்டார்ட் மெனுவுக்குத்தான் கீபோர்டில் விண்டோஸ் பட்டன் இருக்கிறதே.

தேன்சிட்டு

எங்கள் டிவியிலும் வந்துவிட்டது அண்ணா! அந்த 3ஆம் எண் வழியாகப் போய்ப் பார்த்தால் 75 ஹெர்ட்ஸில் இருந்தது. 60 வைத்ததும் சரியாகிவிட்டது, இப்போது 1360×768இல் ஓடுகிறது. படம் மட்டும் இடது பக்கம் கொஞ்சம் நகர்ந்து, வலது ஓரத்தில் ஒரு கறுப்புப் பட்டை தெரிகிறது.

கம்பிவடம்

விஜிஏவில் அது நடக்கும். அனலாக் சிக்னல் என்பதால் படம் எங்கே தொடங்குகிறது என்று டிவி ஊகிக்கிறது. டிவி மெனுவில் பிசி செட்டிங்ஸ் போய் ஆட்டோ அட்ஜஸ்ட் கொடுங்கள். கொடுக்கும்போது திரையில் வெளிச்சமான படம் ஏதாவது முழுத்திரையில் இருக்கட்டும். வெறுந்திரையின் வால்பேப்பரை வைத்துக்கொண்டு கொடுத்தால் டிவிக்கு ஓரமே தெரியாது.

வெறுந்திரை

மாற்றிவிட்டேன் ஐயா, இப்போது நீல நிறம்! டிரைவரில் நகர்த்தி இருந்தது, கடிகாரமும் உள்ளே வந்துவிட்டது. சத்தம் டிவியில் வரவில்லை, ஸ்பீக்கரிலேயே வருகிறது.

நள்ளிரவு நிரலர்

டாஸ்க்பாரில் ஸ்பீக்கர் படத்தைத் தட்டி, வெளியீட்டுக் கருவியாக எச்டிஎம்ஐ என்று இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் சத்தம் கன்வர்ட்டர் வழியாகச் சிவப்பு, வெள்ளை பின்னுக்குப் போகும். ஸ்பீக்கர் நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடுங்கள். புதிய மானிட்டர் வந்ததும், டிவியை எடுப்பதற்கு முன் ரெசல்யூஷனை மாற்ற வேண்டியதில்லை. மானிட்டரை மாட்டினால் அதற்குரியதை விண்டோஸ் தானே எடுத்துக்கொள்ளும்.